கபனதுவானில் அரிசி, பட்டானில் பசி: ஒரு பிலிப்பினோ லெப்டினன்டின் போர்க்கால டைரி

பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் நெல்லுக்குப் பலாய் என்று பெயர். உமி நீங்கினால் அது பிகாஸ். வெந்து தட்டுக்கு வந்தால் கானின். நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்தால் லுகாவ். நெல், அரிசி, சோறு, கஞ்சி என்று பிரித்துப் பேசி வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் 1942-இல் பட்டான் தீபகற்பத்துக் காட்டில் உட்கார்ந்து ஃபெலிப்பே புவென்கமினோ என்ற இளம் லெப்டினன்ட் டைரி எழுதியது ஆங்கிலத்தில். அந்த மொழியில் இந்த நான்குக்கும் பெரும்பாலும் ஒரே சொல், ரைஸ். அதனால் அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் நான் நின்று, அன்றைக்குக் கிடைத்தது எது, சோறா, கஞ்சியா, குத்தாத நெல்லா என்று யோசிக்க வேண்டியிருந்தது. அப்படி நின்று நின்று படித்ததில்தான் பட்டான் ஜப்பானியரிடம் எதனால் விழுந்தது என்பது எனக்கு விளங்கியது.

பட்டான் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு. "திரும்பி வருவேன்" என்று அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் சொன்னது ஒன்று, சரணடைந்தவர்களை ஜப்பானியர்கள் நடக்க வைத்துக் கொண்டுபோன மரண நடை இன்னொன்று. இரண்டிலும் முன்னால் நிற்பவர் அமெரிக்கர். ஆனால் 1942 ஏப்ரல் 9 அன்று சரணடைந்த சுமார் 75,000 பேரில் அமெரிக்கர்கள் ஏறத்தாழ 12,000 பேர்தான். மிச்சம் அத்தனை பேரும் பிலிப்பினோக்கள். அவர்கள் தங்கள் கையால் அன்றன்றைக்கு எழுதி வைத்த பக்கங்கள் மிகக் குறைவு. புவென்கமினோவின் டைரி அந்தச் சிலவற்றில் ஒன்று.

அதற்கு இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. அதே நாள்களில், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மணிலாவில், அவருடைய அப்பாவும் டைரி எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு என்ன வேலை என்று தெரிந்துகொண்ட பிறகு, இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துப் படிக்க என்னால் முடியவில்லை.

குடும்பம்

முழுப்பெயர் ஃபெலிப்பே புவென்கமினோ III. வேண்டியவர்களுக்கு ஃபிலிப். தாத்தாவுக்கும் அதே பெயர்தான். 1899-இல் மாலோலோஸில் அமைந்த முதல் பிலிப்பைன் குடியரசில் வெளியுறவுச் செயலராக இருந்தவர் அவர், ஸ்பானிஷ் படித்த தலைமுறை. பேரன் வளர்ந்தது அமெரிக்க ஆட்சியில், அதனால் எழுத்துக்கு ஆங்கிலம். வீட்டுப் பேச்சு, எழுத்து, அரசு என்று மூன்றும் வெவ்வேறு மொழியாகிப்போன குடும்பங்கள் மணிலாவில் அப்போது நிறைய.

அப்பா விக்டர் புவென்கமினோ கால்நடை மருத்துவர். அமெரிக்காவில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர். போர் வெடித்தபோது அவர் இருந்த இடம் நாரிக், அதாவது தேசிய அரிசி மற்றும் சோளக் கழகம், அதன் மேலாளர் பதவி. அறுவடை சமயத்தில் விவசாயியிடம் நெல் வாங்கிக் கிடங்கில் வைத்து, விலை ஏறும்போது வெளியே விட்டு நாட்டின் அரிசி விலையைக் கட்டுக்குள் வைப்பதுதான் அந்தக் கழகத்தின் வேலை. 1930களின் நடுவில் வந்த அரிசி நெருக்கடிக்குப் பிறகு தொடங்கியது. நம் ஊர் நுகர்பொருள் வாணிபக் கழகத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆக, அப்பா நாட்டின் அரிசிக் கிடங்குகளுக்குப் பொறுப்பானவர். மகன் சில வாரங்களில் அரிசி இல்லாத ஒரு காட்டுக்குள் போகப்போகிறவர்.

அரிசி ஏன் போகவில்லை

அமெரிக்க ராணுவத்திடம் ஆரஞ்சு என்ற பெயரில் பழைய திட்டம் ஒன்று இருந்தது. ஜப்பான் தாக்கினால் லூசோன் தீவின் படைகள் எல்லாம் பட்டான் தீபகற்பத்துக்குள் பின்வாங்கி, மணிலா வளைகுடாவின் வாயை அடைத்துக்கொண்டு, உதவிக் கப்பல்கள் வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்காகச் சுமார் 43,000 பேருக்கு 6 மாத உணவை முன்கூட்டியே பட்டானில் சேர்த்து வைக்க வேண்டும். திட்டத்தில் இருந்தது இதுதான்.

மக்ஆர்தருக்கு இது பிடிக்கவில்லை. எதிரியைக் கடற்கரையிலேயே மறிக்கலாம் என்று நினைத்தார். 1941 ஜூலையில் அமெரிக்கப் படைகளையும் பிலிப்பைன் ராணுவத்தையும் சேர்த்து யூசாஃபே என்ற ஒரே கட்டளையின் கீழ் கொண்டுவந்த பிறகு, உணவும் குண்டும் கடற்கரைகளை ஒட்டிய கிடங்குகளுக்குப் போயின. டிசம்பர் 8 அன்று கிளார்க் விமானத்தளம் எரிந்தது. டிசம்பர் 22 அன்று லிங்காயென் வளைகுடாவில் ஜப்பானிய ஜெனரல் ஹோம்மாவின் படை இறங்கியது. மறுநாளே கடற்கரைத் திட்டத்தைக் கைவிட்டுப் பழைய ஆரஞ்சுக்குத் திரும்பினார்கள். பல மாதத்தில் செய்திருக்க வேண்டியதற்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு வாரம்.

அந்த ஒரு வாரத்தில் நடந்ததில் ஒரு சங்கதியை மட்டும் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. நுவேவா எசிஹா மாகாணம் மத்திய லூசோனின் நெல் பூமி. நம் தஞ்சாவூர் போல என்று சொன்னால் மிகையில்லை. அதன் முக்கிய ஊர் கபனதுவான். அங்கே அரசின் பெரிய நெல் கிடங்கு இருந்தது. பட்டானில் அடைபடப்போகும் படைக்கு மாதக்கணக்கில் சோறு போடப் போதுமான அரிசி அதில் இருந்தது. ஆனால் ஒரு மாகாணத்தின் அரிசியை இன்னொரு மாகாணத்துக்கு எடுத்துப்போகக் கூடாது என்று பிலிப்பைன் அரசின் விதி ஒன்று இருந்தது. ராணுவம் கேட்டும் விதி தளரவில்லை. தர்லாக்கில் ஜப்பானியர்களுக்குச் சொந்தமான கிடங்குகளில் கிடந்த டப்பா உணவை எடுத்துக்கொள்ள முயன்ற அமெரிக்க அதிகாரிக்கும், எடுத்தால் ராணுவ விசாரணை என்று மேலிடம் எச்சரித்தது. டிசம்பர் கடைசியில் கபனதுவான் ஜப்பானியர் கைக்குப் போனது. அந்தக் கிடங்கிலிருந்து பட்டானுக்கு அரிசி போய்ச் சேரவே இல்லை.

பழியைக் கழக மேலாளர் தலையில் கட்டிவிடுவது எளிது, ஆனால் அது சரியாகாது. விதி அரசினுடையது. திட்டத்தை மாற்றி, மறுபடி மாற்றியது ராணுவத் தலைமை. ரயில் ஊழியர்கள் குண்டுவீச்சுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள், லாரிகள் சாலையில் ஒன்றன்மேல் ஒன்றாக முட்டி நின்றன. மணிலாவின் லட்சக்கணக்கான வாய்களுக்கும் அரிசி வேண்டியிருந்தது. விக்டரின் டைரியில் தெரிவது நாலாபக்கமும் இழுக்கப்படும் ஓர் அரசு அதிகாரி. இன்றைக்கு எத்தனை மூட்டை, யாருக்கு, எந்த வழியாக என்று அல்லாடுகிறார். ஜனவரி 2 அன்று ஜப்பானியர்கள் மணிலாவுக்குள் வந்த பிறகும் அதே மேசையில், இப்போது அவர்களுடைய பார்வைக்குக் கீழே, அதே வேலை. கணக்குக்கு நடுவில் மகனைப் பற்றிய கவலை. எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா, தெரியவில்லை.

பட்டானில் எழுதியது

மகன் உயிரோடு இருந்தார். ஜெனரல் சிமியோன் டி ஹெசூஸின் கீழ் ராணுவப் புலனாய்வுப் பிரிவில் வேலை. இரவில் சிறு படகுகளில் வளைகுடாவைக் கடந்து மணிலாவுக்குள் நுழைந்து திரும்பும் ஒற்றர்கள் கொண்டுவரும் செய்தியை வாங்கி, ஒழுங்குபடுத்தி, மேலே அனுப்ப வேண்டும். அதனால் இந்த டைரியை எழுதியவர் முன்வரிசைப் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய் அல்ல. இதைத் தொடக்கத்திலேயே மனதில் வைக்க வேண்டும். முன்வரிசையில் இருந்த பிலிப்பைன் ராணுவத்தினரில் பெரும்பாலோர் 1941 செப்டம்பருக்குப் பிறகுதான் அழைக்கப்பட்டவர்கள், கிராமத்துப் பிள்ளைகள். சில படைப்பிரிவுகளில் அதிகாரி பேசுவது ஒரு மொழி, சிப்பாய் பேசுவது இன்னொரு மொழி. அவர்களிடம் டைரி இல்லை. காகிதமும் பேனாவும் பள்ளிக்கூட ஆங்கிலமும் யாரிடம் இருந்ததோ அவர்களுடைய பட்டான்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

ஆனாலும் புலனாய்வுப் பிரிவில் இருந்ததால் அவருக்கு ஒரு வசதி. முன்வரிசைக்கும் போவார், தலைமையகத்துக்கும் போவார், கடல் தாண்டிக் கொரேகிடோர் தீவுக்கும் போவார். மூன்று இடத்துச் சாப்பாட்டையும் பார்த்தவர். அந்த ஒப்பீடுதான் டைரியின் உயிர் என்பது என் எண்ணம்.

ராணுவக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் இது இன்னும் துலங்கும். பட்டானுக்குள் அடைபட்டவர்கள் 43,000 அல்ல, படையினர் சுமார் 80,000, அவர்களோடு ஓடிவந்த பொதுமக்கள் ஏறத்தாழ 26,000. ஜனவரி தொடக்கத்தில் கையிருப்பை எண்ணிப் பார்த்தபோது அரிசி சுமார் 20 நாளுக்கு இருந்தது. ஜனவரி முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் பாதிப் படி என்று உத்தரவு. அது ஒருவருக்கு நாளைக்கு ஏறத்தாழ 2,000 கலோரி. பிப்ரவரியில் 1,500. மார்ச்சில் 1,000-க்குப் பக்கம்.

பாதிப் படி என்றால் என்ன என்று டைரியைப் படித்தால்தான் தெரிகிறது. சோறு, அதன்மேல் டப்பா சால்மன் மீனோ மத்தியோ, அதுவும் ஒரு டப்பாவைப் பல பேருக்குப் பிரித்து. உணவு பற்றிய பேச்சு, உணவு பற்றிய கனவு, உணவு பற்றிய சண்டை. பட்டானின் வயல்களில் அப்போதுதான் அறுவடை முடிந்து நெல் போராகக் கிடந்தது. சிப்பாய்கள் அதைச் சேகரித்தார்கள், அரவைக்கு இரண்டு ஆலைகளை ஓட்டினார்கள். நான் முதலில் சொன்ன சொல் சிக்கல் வரும் இடம் இதுதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ராணுவ அறிக்கையில் நெல்லும் அரிசியும் ஒரே பத்தியில் வந்துபோகும். பசித்தவனுக்கோ பலாய்க்கும் பிகாஸுக்கும் நடுவில் ஓர் ஆலை இருக்கிறது, அந்த ஆலையின் மேல் குண்டு விழலாம்.

எருமைகளை அடித்துத் தின்றார்கள். மீனவர்கள் இரவில் பிடித்து வந்த மீன் கொஞ்ச நாள் கிடைத்தது, பிறகு அதுவும் நின்றது. குரங்கு, உடும்பு, பாம்பு என்று காட்டில் நகர்ந்ததெல்லாம் சட்டிக்குப் போனது. ஜனவரி 16 அன்று மோரோங் கிராமத்தில் 26-ஆவது குதிரைப்படை குதிரை மேலிருந்தபடியே எதிரியின் மேல் பாய்ந்தது. அமெரிக்க ராணுவத்தின் கடைசிக் குதிரைப் பாய்ச்சல் என்று அதைச் சொல்வார்கள். இரண்டு மாதத்தில் அந்தப் படையின் சுமார் 250 குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் அறுத்துப் படையே தின்றது.

அப்புறம் மலேரியா. க்வினைன் மாத்திரை தீர்ந்துகொண்டே வந்தது, மார்ச்சில் தடுப்புக்காகக் கொடுப்பதை நிறுத்தினார்கள். மார்ச் கடைசியில் முன்வரிசையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காய்ச்சல். துப்பாக்கியைத் தூக்கி நிற்கவே தெம்பில்லாதவர்களை வைத்துத்தான் அணி பிடித்திருந்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் டைரி முழுக்க ஓடும் ஒரு நம்பிக்கை, கப்பல் வரும். ஜனவரி 15 அன்று மக்ஆர்தர் தன் படைக்கு விடுத்த செய்தியில், உதவி வந்துகொண்டிருக்கிறது, ஆயிரக்கணக்கில் வீரர்கள், நூற்றுக்கணக்கில் விமானங்கள் என்று இருந்தது. மைல் கணக்கில் நீளும் கப்பல் வரிசை என்று சிப்பாய்கள் பேசிக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸை மீட்கப் படை அனுப்ப முடியாது என்று வாஷிங்டனின் போர்த் திட்ட அதிகாரிகள் ஜனவரி முதல் வாரத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பின்னால் எழுதப்பட்ட நினைவுக்குறிப்பு எதிலும் இந்த நம்பிக்கையை அதன் சூட்டோடு பார்க்க முடியாது, ஏனென்றால் எழுதுபவருக்கு முடிவு தெரியும். டைரிக்காரருக்குத் தெரியாது. நாளைக்குக் கப்பல் வரும் என்று எழுதிவிட்டுப் படுக்கிறார். வராது என்று நமக்குத் தெரியும், பக்கத்தைத் திருப்பக் கை வருவதில்லை.

கொரேகிடோரில் அப்போது குடியரசுத் தலைவர் கெசோன் குடும்பத்தோடு சுரங்கத்துக்குள் இருந்தார். காசநோய் முற்றி இருமிக்கொண்டிருந்தார். தலைமையக வேலையாக அங்கே போய்வந்த ஃபிலிப் அந்தச் சந்திப்பையும், தீவில் இருப்பவர்கள் பட்டானில் இருப்பவர்களைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்ற சிப்பாய்களின் மனக்குறையையும் பதிந்திருக்கிறார். பிப்ரவரி 8 அன்று கெசோன் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதி, எங்களுக்கு உடனே சுதந்திரம் கொடுங்கள், நாடு நடுநிலை என்று அறிவிக்கிறோம், இரு படைகளும் வெளியேறட்டும் என்று கேட்டார். அமெரிக்கா மறுத்தது. அவர் அப்படிக் கேட்கும் நிலைக்கு எப்படி வந்தார் என்பதற்கு இந்த லெப்டினன்டின் பக்கங்கள் ஒரு பதில். பிப்ரவரி 20 அன்று நீர்மூழ்கிக் கப்பலில் கெசோன் குடும்பம் வெளியேறியது. அதில் இளைய மகள் சினைதாவும் இருந்தார். போர் முடிந்த பிறகு ஃபிலிப் மணந்துகொண்டது அவரைத்தான்.

ஏப்ரல்

புதிய துருப்புகளும் கனரகப் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகு, ஏப்ரல் 3, புனித வெள்ளி அன்று ஹோம்மா கடைசித் தாக்குதலைத் தொடங்கினார். சமாட் மலைப் பக்கம் அணி உடைந்தது. 6 நாளில் எல்லாம் முடிந்தது. ஏப்ரல் 9 அன்று பட்டான் படையின் தளபதி ஜெனரல் எட்வர்ட் கிங் சரணடைந்தார். பயிற்சி இல்லாத பிலிப்பினோ சிப்பாய்கள் ஓடிவிட்டார்கள் என்று பின்னால் சிலர் எழுதினார்கள். ஜனவரியில் இருந்து அந்த டைரியை நாள்நாளாகப் படித்து ஏப்ரலுக்கு வந்தவருக்கு அந்த வாக்கியம் கோபத்தை வரவழைக்கும். எனக்கு வந்தது. 3 மாதம் காய்ச்சலோடும் அரை வயிறோடும் நின்றவர்கள் அவர்கள். இதே சிப்பாய்கள்தான் பிப்ரவரியில் ஹோம்மாவின் முதல் படையெடுப்பை முறித்து நிறுத்தினார்கள்.

நடை மரிவேலெஸில் தொடங்கியது. கப்காபென், லிமாய், ஓரியோன், பலாங்கா, அபுகாய், ஓரானி, லுபாவ் வழியாகச் சான் பெர்னாண்டோ வரை சுமார் 100 கிலோமீட்டர். ஜப்பானியர்கள் 25,000 கைதிகளுக்குத்தான் திட்டம் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் மூன்று மடங்கு, அதிலும் பாதிப் பேர் நோயாளிகள். ஏப்ரல் வெயில். தண்ணீர் குடிக்க வரிசையை விட்டு விலகியவர்களைத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தினார்கள். பந்திங்கான் ஆற்றோரம் 91-ஆவது பிரிவைச் சேர்ந்த பிலிப்பினோ அதிகாரிகள் சில நூறு பேரைக் கட்டி வைத்துக் கொன்றார்கள். வழியில் இருந்த ஊர் மக்கள் சோற்று உருண்டையையும் கரும்பையும் வரிசைக்குள் எறிந்தார்கள். அப்படி எறிந்ததற்காக அடிபட்டார்கள், சிலர் உயிரையே விட்டார்கள்.

லுபாவில் கைதிகளை இரவு அடைத்து வைத்த தகரக் கொட்டகையைப் பற்றிப் பல பேர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். உட்காரக்கூட இடமில்லை, மூச்சு விட முடியவில்லை, விடியும்போது சிலர் நின்றபடியே செத்திருந்தார்கள். அந்தக் கொட்டகை நாரிக் கழகத்தின் அரிசிக் கிடங்கு. ஃபிலிப்பின் அப்பா நிர்வகித்த அதே கழகம். மணிலாவில் அவர் அன்றைக்கு மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், கழகத்தின் ஒரு கிடங்கில் அரிசி இருக்க வேண்டிய இடத்தில் மனிதர்கள் அடுக்கப்பட்டிருந்தார்கள்.

சான் பெர்னாண்டோவில் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள், ஒரு பெட்டிக்கு நூறு பேர் அளவில். கபாஸ் நிலையத்தில் இறங்கி, மறுபடி நடந்து ஓடானல் முகாம்.

கபாஸ்

ஓடானல் என்பது பிலிப்பைன் ராணுவப் பயிற்சிக்காகக் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட முகாம். மக்கள் அதைக் கபாஸ் என்றே சொல்கிறார்கள். ஃபிலிப்பும் அங்கே கைதி. குடிநீர்க் குழாய் விரல்விட்டு எண்ணும் அளவில். ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தார்கள். சாப்பாடு லுகாவ், சில நாள் அதுவும் புளித்து. வயிற்றுப்போக்கும் மலேரியாவும் சேர்ந்து அடித்தன. மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி அதில் பிணத்தைத் தொங்கவிட்டு இரண்டு பேர் தூக்கிப் போகும் வரிசை காலையில் தொடங்கி மாலை வரை நீளும். தூக்கிப் போகிறவர் நாளைக்கு அதே போர்வையில் போவார்.

அமெரிக்கர்கள் அங்கே சுமார் 1,500 பேர் செத்தார்கள். பிலிப்பினோக்கள் 20,000-க்கும் மேல். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் உள்ளூர் டைரி ஒன்று ஏன் இவ்வளவு முக்கியம் என்று உறைக்கிறது. அமெரிக்கப் பக்கத்தில் செத்தவர் பெயரையும் நாளையும் குறிக்க ஆள் இருந்தது. பிலிப்பினோ பக்கத்தில் சாவு அந்தக் குறிப்பையும் முந்திக்கொண்டு ஓடியது.

வெளியிலிருந்து வந்த உதவியில் ஒரு பெயரைச் சொல்லாமல் விட முடியாது. ஹோசெபா யானெஸ் எஸ்கோடா. மகளிர் சங்கக் கூட்டமைப்பின் தலைவி. மணிலாவிலிருந்து உணவும் மருந்தும் கொண்டுபோனார், திரும்பும்போது கைதிகளின் பெயர்ப் பட்டியல் எடுத்து வந்தார், உன் பிள்ளை இருக்கிறான் என்று வீட்டுக்கு வீடு சொல்ல. மணிலாவில் அப்படி ஒரு சொல்லுக்காக எத்தனையோ தாய் தகப்பன்மார் வாசலில் காத்துக்கிடந்தார்கள். 1944-இல் ஜப்பானியர்கள் அவரைப் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை.

1942-இன் நடுவிலிருந்து பிலிப்பினோ கைதிகளை, இனி எதிர்க்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, தொகுதி தொகுதியாக விட்டார்கள். விட்ட பிறகும் வீட்டில் போய்ச் செத்தவர்கள் ஏராளம். ஃபிலிப் மணிலா திரும்பினார்.

எவ்வளவு நம்பலாம்

கைதியின் டைரி என்றால் முதலில் கேட்க வேண்டியது, இதை எப்போது எழுதினார் என்பது. நடக்கும்போது யாரும் எழுதியிருக்க முடியாது. முகாமில் எழுதுவது உயிரோடு விளையாடுவது. இப்படிப்பட்ட டைரிகளில் ஒரு பகுதி அன்றன்றைக்கு எழுதியதாகவும், ஒரு பகுதி வெளியே வந்த பிறகு நினைவிலிருந்து நிரப்பியதாகவும், இன்னொரு பகுதி குறிப்பைப் பார்த்துத் திருத்தி எழுதியதாகவும் இருக்கும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. படிக்கிறவர் தையல் எங்கே என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு. தவறான வதந்தியை உண்மை என்று நம்பி எழுதியிருக்கும் பக்கம் அநேகமாக அன்றைக்கே எழுதியது. வராத கப்பலுக்காகக் காத்திருக்கும் பக்கங்களை நான் அப்படித்தான் நம்புகிறேன். பின்னால் சீர்செய்கிறவர் முதலில் அழிப்பது தன் ஏமாற்றத்தைத்தான்.

இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்ப்பது. அதே காலத்தில் கொரேகிடோரில் இருந்த தேசியப் பாதுகாப்புச் செயலர் ஜெனரல் பாசிலியோ வால்டெஸும் டைரி வைத்திருந்தார். மருத்துவர், சுருக்கமாக எழுதுபவர். கியூ-112 என்ற ரோந்துப் படகின் தலைவராக வளைகுடாவில் சண்டையிட்டு, பட்டான் வீழ்ந்த பிறகு பிடிபட்டு மாலோலோஸ் முகாமில் கைதியாக இருந்த ரமோன் அல்கராஸ் எழுதிய டைரியும் இருக்கிறது. பிலிப்பைன் கடற்படையின் ஒரு கப்பலுக்கு இன்று அவர் பெயர்தான். இவர்கள் மூவரும் நின்ற இடம் வேறு, பார்த்தது வேறு. ஆனால் உணவுக் குறைவு, பொய்த்துப்போன உதவி என்ற இரண்டிலும் ஒரே திசையில் கைகாட்டுகிறார்கள். இந்தக் காகிதங்களையெல்லாம் தேடித் திரட்டிப் பொதுவில் வைத்தவர் வரலாற்றாளர் மானுவல் எல். கெசோன் III, தலைவர் கெசோனின் பேரன். சினைதா அவருக்கு அத்தை.

எழுத்துச் சாட்சி வெறும் நினைவுக்காக மட்டும் தேவைப்படவில்லை. 1946 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, தன் கொடியின் கீழ் போரிட்ட பிலிப்பினோ சிப்பாய்களின் சேவை பெரும்பாலான சலுகைகளுக்குக் கணக்கில் வராது என்றது. 2009-இல்தான் உயிரோடு மிஞ்சியவர்களுக்கு ஒரு தடவைத் தொகை ஒன்று ஒதுக்கினார்கள், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவருக்கு 15,000 டாலர், மற்றவருக்கு 9,000 டாலர். எண்பது, தொண்ணூறு வயதுக் கிழவர்கள் பலர் விண்ணப்பம் போட்டார்கள். உன் பெயர் ராணுவப் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். பதுங்குகுழியில் ஒரு பென்சில் இல்லாமல் போனதன் விலையை அவர்கள் 67 வருஷம் கழித்துக் கொடுத்தார்கள்.

மறுபடி அரிசி, மறுபடி அதே மாகாணம்

1944-இல் ஃபிலிப் மணிலாவில் இருந்தபடி மறுபடி எழுதினார். செப்டம்பர் 21 அன்று அமெரிக்க விமானங்கள் நகரத்தின் மேல் வந்தன. 1942-இல் வராத உதவி அது. ஆனால் தெருவில் பசி. ஜப்பானியர் அச்சடித்த நோட்டை மக்கள் மிக்கி மவுஸ் பணம் என்று சொல்லிக் கூடை கூடையாகச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கை அளவு அரிசி வாங்கி வந்தார்கள். காட்டில் பார்த்ததை இப்போது நகரத்தில் பார்த்து எழுதுகிறார்.

போர் முடிந்தது. சினைதாவை மணந்தார், குழந்தை பிறந்தது. கெசோன் 1944-இலேயே அமெரிக்காவில் இறந்துவிட்டிருந்தார். 1949 ஏப்ரல் 28 அன்று கெசோனின் மனைவி அவுரோரா, கணவர் பிறந்த ஊரான பலேரில் அவர் பெயரில் கட்டிய மருத்துவமனையைத் திறந்து வைக்கக் கார் வரிசையில் புறப்பட்டார். மூத்த மகள் மரியா அவுரோரா கூடப் போனார். மருமகன் ஃபிலிப்பும் போனார். சினைதா இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்ததால் வீட்டில் இருந்தார்.

பலேருக்குப் போகும் சாலை கபனதுவானைத் தாண்டி, நெல் வயல்களை விட்டு, போங்காபோன் அருகே மலைக்குள் ஏறுகிறது. இதுவும் நுவேவா எசிஹாதான். மத்திய லூசோனின் குத்தகை விவசாயிகள் நெல்லில் தங்களுக்கு உரிய பங்கைக் கேட்டு எழுந்த ஹுக் கிளர்ச்சி அப்போது அந்த மலைகளில் உச்சத்தில் இருந்தது. ஆயுதம் தாங்கியவர்கள் சாலையின் மேலிருந்து சுட்டார்கள். அவுரோரா, அவர் மகள், கெசோன் நகர மேயர் பொன்சியானோ பெர்னார்டோ உட்படப் பலர் இறந்தார்கள். பட்டான் சரணடைந்து 7 வருஷம் 19 நாள் கழித்து, ஃபிலிப் புவென்கமினோவும் அந்தச் சாலையில் இறந்தார். அப்பா விக்டர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார்.